இலண்டன் நடைபாதையிலே இரும்பு வட்டங்கள்

இலண்டன் மாநகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பர். சென் போல் பேராலயத்தின் உருண்ட கூரையும், பாராளுமன்றத்து மணிக்கூட்டுக் கோபுரமும், நெல்சன் பிரபு ஏறி நிற்கும் தூணும் அவர்தம் கண்களை மேலே இழுத்துக் கொள்கின்றன. இம்முறை நாம் அங்குச் சென்றபோது இவற்றையெல்லாம் விடுத்து, தலையைக் குனிந்து கொண்டு நிலத்தைப் பார்த்தே நடப்பதெனத் தீர்மானித்தோம். ஏதோ காசைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என எண்ணி இரக்கப்பட்டோரும் உண்டு.

பிரித்தானிய நூதனசாலைக்கு அண்மையில் புளூம்ஸ்பரி என்றொரு பகுதி இருக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குச் சற்றுப் பின்னரும் கட்டப்பட்ட செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோளொட்டி நிற்கும் அமைதியான வீதிகள் அங்கு உள. அவ்வீதிகளின் நடைபாதையிலே, ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு வாயிலுக்கும் நேரே, வட்டமான இரும்புத் தட்டு ஒன்று கல்லுடன் கல்லாகப் பதிந்து கிடக்கக் காணலாம். குறுக்களவு பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குலம் வரை இருக்கும். எம் வீடுகளில் சோறு வடிக்கும் பெரிய பானையின் மூடி அளவுதான். சிலவற்றில் நட்சத்திரம், சிலவற்றில் விரிந்த மலர், சிலவற்றில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள். வேறு சிலவற்றில் வட்டத்துக்குள் வட்டமாகச் சிறு புள்ளிகள் நிரை நிரையாக எழும்பி நிற்கின்றன. மார்கழி மாதத்து முற்றக் கோலமே எம் நினைவுக்கு வந்தது. ஆயின் கோலம் மாலைக்குள் காலடியில் அழிந்துவிடும். இவையோ நூற்றைம்பது ஆண்டுகளாக மிதிபட்டும் அழியாதவை.

இவை கழிவுநீர்க் குழியின் மூடிகள் அல்ல. அவ்வாறு எண்ணியே பலரும் கடந்து செல்கின்றனர். இவை கரிக்குழி மூடிகள். ஒரு காலத்தில் இலண்டன் நகரம் முழுவதும் உண்ணும் உணவும், குளிக்கும் வெந்நீரும், குளிர்காலத்து உயிர்ச்சூடும் இந்தச் சின்னஞ்சிறு வாய்களின் வழியாகவே வீட்டுக்குள் இறங்கின.

அதனை விளங்கிக்கொள்ள, அவ்வீடுகள் கட்டப்பட்ட விதத்தை முதலில் அறிதல் வேண்டும். வீதி மட்டத்துக்குக் கீழே ஒரு தளம் உண்டு. சமையலறையும் வேலைக்காரர் புழங்கும் இடங்களும் அங்கேதான். அத்தளத்துக்கு வெளிச்சம் வருவதற்காக வீட்டு முகப்புக்கும் நடைபாதைக்கும் இடையே ஆழமான சிறு முற்றம் ஒன்றை வெட்டி, சுற்றிவர இரும்புக் கிராதி இட்டனர். அம்முற்றத்தின் மறுபுறத்தில், நடைபாதைக்கு நேர் அடியில், செங்கல்லால் வளைவாகக் கட்டிய நிலவறைகள் இருக்கின்றன. ஆகவே புளூம்ஸ்பரியில் நடப்பவர் மண்மீது நடப்பதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் பிறருடைய வீட்டுக் கூரைமீது நடக்கின்றார்!

அந்நிலவறையே கரி சேமிக்கும் அறை. கரி வண்டி வாயிலில் வந்து நிற்கும். வீட்டு வேலைக்காரர் கீழே சென்று, மூடியை உட்புறமாகப் பிணைத்திருக்கும் சங்கிலியைக் கழற்றி விடுவர். கரிக்காரர் மேலே மூடியைப் புரட்டி, முதுகில் தாங்கி வந்த சாக்கைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். இருபதாம் நூற்றாண்டில் ஒரு சாக்கு ஓர் அந்தர், அதாவது 112 இறாத்தல் நிறை. கரி தடதடவென்று இருளுக்குள் விழும். மூடி மீண்டும் மூடப்படும். கரிக்காரர் வீட்டு வாயிற்படியை மிதிப்பதில்லை. கரித்தூசி விருந்தினர் மண்டபத்துக் கம்பளத்தைத் தொடுவதில்லை. வீட்டுத் தலைவிக்கு இதனால் மிகுந்த நிம்மதி. ஆனால் அந்நிலவறையிலிருந்து நாலாம் மாடிப் படுக்கையறை வரை, ஒவ்வோர் அறையின் கணப்புக்கும், விடியுமுன் எழுந்து வாளி வாளியாகக் கரியைச் சுமந்து ஏறிய வேலைக்காரப் பெண்ணுக்கு எத்தகைய நிம்மதியும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுப்புக்கு விறகும் தென்னமட்டையும் பழகிய எம்மவருக்கு நிலக்கரி வீட்டுப் பொருளன்று. சுயெஸ் கால்வாய் 1869 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னர்க் கொழும்புத் துறைமுகம் நீராவிக் கப்பல்கள் கரி ஏற்றும் பெருந்தலமாயிற்று. புகையிரத இயந்திரங்கள் கரி தின்ற காலமும் ஒன்றிருந்தது. இன்றைய பிள்ளைகளோ, 2011 ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் பெயரோடுதான் கரியைச் சேர்த்து அறிவர். வீட்டுக்கு ஒரு கரியறை என்பது எமக்குப் புதுமையே.

இலண்டன் மக்களுக்கும் கரியின்மேல் ஆதியில் விருப்பம் இருக்கவில்லை. நியூகாசில் பக்கத்திலிருந்து கடல் மார்க்கமாகக் கப்பலில் வந்தமையால் அதனைக் ‘கடற்கரி’ என்றே அழைத்தனர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முதலாம் எட்வேர்ட் மன்னர் அதன் புகையைப் பொறுக்காது தடையாணை பிறப்பித்தார். ஆணை ஏட்டோடு நின்றது. சுற்றுப்புறக் காடுகள் குறைய, விறகின் விலை ஏற, கரி நகருக்குள் புகுந்துவிட்டது. 1661 ஆம் ஆண்டில் ஜோன் ஈவ்லின் என்னும் அறிஞர் இலண்டனின் புகையைக் கண்டித்து ஒரு நூலே எழுதி மன்னருக்குச் சமர்ப்பித்தார். ஐந்தாண்டுகளில் பெருந்தீ வந்து நகரை எரித்தது. எரிந்த நகரை மீளக் கட்டப் பணம் தேடியபோது, 1667 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரி விதிக்கப்பட்ட பொருள் எது? அதே நிலக்கரிதான். நாம் அண்ணாந்து பார்க்க மறுத்த சென் போல் பேராலயமே பெரும்பாலும் கரி வரிப் பணத்தில் எழுந்தது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். ஈவ்லின் வெறுத்த புகையும் ரென் எழுப்பிய கோபுரமும் ஒரே சாக்கிலிருந்து வந்தவை.

இனி மூடிக்கு வருவோம். அது ஏன் வட்டமாக இருக்கின்றது? சதுர மூடியாயின் அதனைத் திருப்பிப் பிடித்து மூலைவாட்டில் விட்டால் தன் குழிக்குள்ளேயே விழுந்துவிடும். வட்டத்துக்கு எப்பக்கமும் ஒரே அளவாதலால், எங்ஙனம் திருப்பினும் தன் விளிம்பைக் கடந்து விழ மாட்டாது. அது ஏன் இத்துணைச் சிறிது? கரி விழ வேண்டும், கள்வன் விழக்கூடாது. மேலே பூவும் நட்சத்திரமும் எதற்கு? அழகுக்கு மட்டுமன்று. மழையில் நனைந்த வழுவழுப்பான இரும்பில் கால் வைத்தால் என்னவாகும் என்பதை எமது முற்றத்துப் பாசியில் வழுக்கியோர் அறிவர். அந்த மேடுபள்ளங்கள் சப்பாத்தின் அடியைப் பற்றிக் கொள்கின்றன. சில மூடிகளில் காற்றோட்டத்துக்குத் துளைகள் உண்டு. சிலவற்றில் தடித்த கண்ணாடித் துண்டுகளைப் பதித்து நிலவறைக்குச் சிறிது வெளிச்சமும் விட்டிருக்கின்றனர். குழியைத் திறந்தபடி விட்டுச் செல்வோரால் நேர்ந்த விபத்துகளும் குறைவில்லைப் போலும். தெருவோர நிலவறை வாயில்களைக் காப்பின்றித் திறந்து வைப்பதை 1839 ஆம் ஆண்டின் இலண்டன் பொலிஸ் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று.

வார்ப்பு வேலையும் சுவை மிக்கது. முதலில் மரத்தில் ஓர் அச்சுரு செதுக்குவர். இரும்பு குளிரும்போது சுருங்கும். அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம். ஆதலால் அச்சுருச் செய்யும் தச்சரிடம் அவ்வளவுக்கு நீட்டிக் கீறிய தனி அளவுகோல் ஒன்று இருக்கும். அதில் ஓரடி என்பது எமது ஓரடியைவிடச் சற்றுப் பெரிது. ஏமாற்றுக் கோலன்று அது. இரும்பின் இயல்பறிந்த நேர்மையான கோல். மரத்துருவை ஈரமணலில் அழுத்தி எடுத்தால் அதன் பதிவு மணலில் நிற்கும். அப்பதிவுக்குள் உருகிய இரும்பை வார்ப்பர். ஆறியதும் மணலை உடைத்தால் மலரும் நட்சத்திரமும் எழுத்துக்களும் துலங்கும் மூடி வெளிப்படும். ஒரே மரத்துருவை மீண்டும் மீண்டும் அழுத்தி எத்தனையோ மூடிகளை எடுக்கலாம்.

எழுத்துக்கள் என்றோமல்லவா? மூடிகளின் மேலுள்ள பெயர்களைப் படிப்பதே எமது நடையின் பேரின்பமாயிற்று. அவற்றுட் பல, அவ்வவ் வட்டாரத்து இரும்புக்கடைக்காரரின் பெயரும் தெருப் பெயரும். கடைக்காரர் வார்ப்புச் சாலைக்குச் சொல்லித் தம் பெயரைப் பொறிப்பித்து, மூடியை வீட்டுக்காரருக்கு விற்றார். காலமெல்லாம் காசில்லா விளம்பரம்! கடை மூடப்பட்டு, கடைக்காரர் மண்ணாகி, அவர் தெருவே பெயர் மாறிய பின்பும் விளம்பரம் மட்டும் நிலைத்திருக்கின்றது. அடிக்கடி கண்ணிற் படும் பெயர் பரோ பகுதியின் யூனியன் வீதியிலிருந்த ஹேவாட் சகோதரர்களுடையது. கண்ணாடி வேலைக் குடும்பத்தினரான இவர்கள் 1848 ஆம் ஆண்டில் ஓர் இரும்பு வியாபாரத்தை விலைக்கு வாங்கினர். இரண்டு தொழிலும் சேர்ந்தமையால், இரும்புச் சட்டத்தில் பட்டகக் கண்ணாடி பதித்து நிலவறைக்குள் வெளிச்சத்தைத் திருப்பி விடும் நடைபாதைத் தட்டுகளுக்கு 1871 ஆம் ஆண்டில் உரிமைப் பட்டயமும் பெற்றனர்.

இவற்றை முதன்முதல் கண்திறந்து பார்த்தவர் யாரெனில், ஒரு மருத்துவ மாணவர். ஷெப்பேட் டெயிலர் என்பது அவர் பெயர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் படித்துக் கொண்டிருந்த அவர், 1863 ஆம் ஆண்டில் தெருத் தெருவாகச் சென்று நூற்றைம்பது மூடிகளின் உருவங்களை வரைந்தார். வழிப்போக்கர் சுற்றி நின்று பார்க்க, கல்லூரி இளைஞர் ஒருவர் நடைபாதையிற் குந்தியிருந்து வட்டமும் நட்சத்திரமும் கீறிக் கொண்டிருந்த காட்சியை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். ஓவியங்கள் அறுபத்தாறு ஆண்டுகள் பெட்டியில் உறங்கின. 1929 ஆம் ஆண்டில், டெயிலர் முதிர்ந்த வயதினராயிருந்த காலத்தில், ‘மூடிகள்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயருடன் நூலாக வெளிவந்தன. அதிலும் தம் பெயரைப் போடாது புனைபெயரே இட்டார். அன்று அவர் வரைந்திராவிடில், தெருவிலிருந்து நீங்கிவிட்ட பல வடிவங்களை இன்று எவரும் அறியார். அந்நாளில் அவர் காலடியிற் கிடந்தவை பழம்பொருள்களல்ல, நாள்தோறும் புழங்கிய மூடிகள் என்பதை நினைக்கும்போது அவர்மேல் எமக்குள்ள மதிப்பு இரட்டிக்கின்றது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூடியில் இருப்பது விற்றவர் பெயர்; சிலவற்றில் வார்ப்புச் சாலையின் பெயர். மரத்துருச் செதுக்கிய தச்சர் பெயரோ, உருகிய இரும்பை வார்த்தவர் பெயரோ, சாக்குச் சுமந்தவர் பெயரோ எதிலும் இல்லை. இக்குறை இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. நியூயோர்க் நகரத்து வீதி மூடிகளில் ‘இந்தியாவிற் செய்தது’ எனப் பொறித்திருப்பதைக் கண்டோர் பலர். அவற்றுட் பல வங்காளத்து ஹௌராவின் வார்ப்புச் சாலைகளிலிருந்து சென்றவை. அங்குத் தொழிலாளர் வெறுங்காலுடன் நின்று கொதிக்கும் இரும்பை வார்ப்பதைக் காட்டும் புகைப்படங்கள் 2007 ஆம் ஆண்டில் நியூயோர்க் நாளிதழில் வெளிவந்தபோதுதான், தம் காலடியிற் கிடப்பது எங்கிருந்து வந்தது என்று அந்நகரத்தவர் பலர் நினைத்துப் பார்த்தனர்.

இலண்டனில் இவ்வளவு கரியும் உள்ளே சென்றதே, அது வெளியே சென்ற வழி யாது? புகைபோக்கி வழியாக வானுக்குச் சென்றது. வான் எப்போதும் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. 1952 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆம் நாள் நகரின்மேற் காற்று அசைவற்று நின்றது. கீழே குளிர்ந்த காற்று. அதன்மேல் வெப்பக் காற்று ஒரு மூடி போலக் கவிந்து கொண்டது. இலட்சக்கணக்கான வீடுகள் குளிர் தாங்காது கணப்பை மூட்ட, புகை மேலே செல்ல வழியின்றித் தெருவிலேயே தேங்கிற்று. போர்க்கடன் சுமந்த அரசு நல்ல கரியை வெளிநாட்டுக்கு விற்றுவிட, வீடுகளுக்குக் கிடைத்ததோ கந்தகம் மிகுந்த தாழ்ந்த கரி. பட்டப்பகலில் பஸ் வண்டிக்கு முன்னே நடத்துநர் விளக்கேந்தி நடந்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள் புகை புகுந்து இசைநாடகம் பாதியில் நிறுத்தப்பட்டது. ஏர்ள்ஸ் கோர்ட் மண்டபத்தில் கண்காட்சிக்கு வந்திருந்த கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறி இறந்தன. மாடுகளின் சாவு பத்திரிகைகளில் உடனே வந்தது. மனிதரின் சாவு எண்ணப்படச் சில வாரங்கள் பிடித்தன.

ஐந்தாம் நாள், டிசெம்பர் 9 ஆம் திகதி, காற்று எழுந்து புகை விலகியது. நாலாயிரம் பேர் வரையில் இறந்தனர் என்பது அக்காலத்துக் கணக்கு. பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனைப் பன்னீராயிரம் என மதிப்பிட்டுள்ளனர். முதியோரும் கைக்குழந்தைகளும் நெஞ்சுநோய் கொண்டோருமே அவருட் பெரும்பாலோர். பலர் தம் வீட்டிலேயே இறந்தனர். அரசினரோ முதலில் அச்சாவுகளிற் பலவற்றைத் தடிமன் காய்ச்சலின் தலையிற் கட்டப் பார்த்தனர். முடிவில் 1956 ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. ஈவ்லின் நூல் எழுதி 295 ஆண்டுகள் கழிந்த பின்னர்!

அச்சட்டத்தோடு கரிக்குழிகளின் வாழ்வு முடியத் தொடங்கிற்று. புகையற்ற எரிபொருள் வந்தது. பின்னர் வடகடல் வாயு குழாய் வழியே வந்தது. கரி வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. 2023 ஆம் ஆண்டு மே மாதம் முதல் இங்கிலாந்தில் வீட்டுக் கணப்புக்கெனப் புகை கக்கும் சாதாரண நிலக்கரியை விற்பதே முற்றாகத் தடுக்கப்பட்டுவிட்டது. 2024 ஆம் ஆண்டு செப்தெம்பர் 30 ஆம் நாள் பிரித்தானியாவின் கடைசிக் கரி மின்நிலையமும் மூடப்பட்டது. நடைபாதைக்கு அடியிலுள்ள நிலவறைகளில் இப்போது சைக்கிளும் வைன் போத்தல்களும் பழைய தட்டுமுட்டுகளும் கிடக்கின்றன. நீர் கசியாதபடி பல குழிகளை உட்புறமாகச் சீமெந்து இட்டு அடைத்துவிட்டனர். அவற்றின் மூடிகள் எதனையும் மூடாத மூடிகளாக மேலே கிடக்கின்றன.

உள்ளிருந்தது போன பின்னும் மூடி நிற்பது கரிக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலண்டன் நீரழுத்த வலுக் கம்பனி என்றொன்று 1880 ஆம் ஆண்டுகளில் தோன்றியது. சதுர அங்குலத்துக்கு 700 இறாத்தலுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தேம்ஸ் நதி நீரைக் குழாய்களிற் செலுத்தி, துறைமுகப் பாரந்தூக்கிகளையும் மாளிகைகளின் மின்னுயர்த்தி போன்ற ஏற்றிகளையும் நாடக அரங்குகளின் தீத்தடுப்புத் திரைகளையும் அந்நீராலேயே இயக்கிற்று. குழாய்களின் நீளம் நூற்றெண்பது மைல் வரை எட்டியது. 1977 ஆம் ஆண்டில் வொப்பிங்கிலிருந்த அதன் கடைசி நிலையம் நின்றது. தொலைபேசிக் கம்பனி ஒன்று பின்னர் அக்குழாய்களை வாங்கித் தன் தந்திகளை அவற்றினுள் இழுத்தது. நீர் சென்ற வழியில் பேச்சுச் செல்கின்றது. மேலே பழைய கம்பனியின் பெயர் தாங்கிய மூடிகளைச் சில தெருக்களில் இன்னும் காணலாம். 1965 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்ட சென் பங்கிராஸ் நகரசபையின் பெயரும் அவ்வாறே மூடிகளில் உயிர் வாழ்கின்றது.

ஆயினும் இவற்றுக்கு ஆயுள் நீளம் என்று எண்ணிவிட முடியாது. கரிக்குழி மூடி பெரும்பாலும் ஒரே பெரிய யோர்க் கற்பலகையில் வெட்டிய வட்டத்துள் பொருந்தியிருக்கும். அக்கல் வெடித்தால், செப்பனிட வருபவர் கல்லையும் மூடியையும் சேர்த்தே அகற்றிச் சீமெந்துப் பலகை இட்டுச் செல்வது எளிது. ஒரே வீதியில் பத்து வீடுகளுக்கு மூடியும் அடுத்த பத்து வீடுகளுக்கு வெறும் சீமெந்துமாக இருப்பதைக் கண்டோம். பழைய இரும்பின் விலை ஏறிய 2004 ஆம் ஆண்டில் கிழக்கிலண்டன் நியூஹாம் பகுதியில் இருநூறுக்கு மேற்பட்ட வடிகால் மூடிகளைக் கள்வர் பெயர்த்துச் சென்றனர். அவை புதியன, மீண்டும் வார்க்கலாம். 1850 ஆம் ஆண்டின் மரத்துருவோ எங்கும் இல்லை.

இவற்றைக் காண விரும்பும் எம்மவர் வெம்பிளியிலோ ரூட்டிங்கிலோ உள்ள உறவினர் வீட்டிலிருந்து புறப்பட்டு, ரஸல் சதுக்க நிலையத்தில் இறங்கி, டௌட்டி வீதிப் பக்கமாக நடப்பது நன்று. நாவலாசிரியர் டிக்கின்ஸ் வாழ்ந்த 48 ஆம் இலக்க வீடும் அங்கேயே இருக்கின்றது. மழை விட்ட மாலை நேரமே உகந்தது. சாய்ந்த வெயிலில் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். வடிவத்தைப் பிரதி செய்ய விரும்பினால் மெல்லிய காகிதமும் கறுப்பு மெழுகுக் கட்டியும் போதும். காகிதத்தை மூடிமேல் விரித்துத் தேய்த்தால் நட்சத்திரம் தானே எழும்பி வரும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எம்மைவிட விரைவாக இதனைச் செய்துவிடுவர். காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை மட்டும் போக வேண்டாம். அவ்வேளையில் அலுவலகத்துக்கு ஓடும் கூட்டம், நடைபாதையில் முழந்தாளிட்டிருப்பவரைச் சுற்றிச் செல்வதில்லை.